ஊர்ப் பள்ளியில் ஏழே பிள்ளைகள்: தக்கவைப்பதா, பக்கத்து ஊரோடு இணைவதா, வேனில் அனுப்புவதா?

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இப்போது பூட்டிக் கிடக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். கரும்பலகையின் மூலையில் சாக்பீஸ் எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது. பதிவு 2, வருகை 1.

அந்தப் பள்ளியை மூட வேண்டும் என்று ஊரில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. ஒரு வீட்டு வாசலுக்குத் தனியார் பள்ளி வேன் வந்தது, பிள்ளையை மாற்றினார்கள். இன்னொரு வீட்டில் அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது, குடும்பமே கிளம்பிப் போனது. மூன்றாவது வீட்டில், "வகுப்பில் இவள் ஒருத்திதான் இருக்கிறாள், பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை" என்று பக்கத்து ஊரில் சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் அந்தந்த வீட்டுக்கு நியாயமான முடிவுதான். எல்லாம் சேர்ந்தபோது பள்ளி போய்விட்டது.

பிறகு நான் குடியேறிய ஊரில் மூன்று வருஷம் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தேன். அங்கே இரண்டு ஆசிரியர்கள், ஏழு பிள்ளைகள். அந்த நாளிலிருந்து, இதே நிலையில் இருக்கும் ஊர்க்காரர்கள் யாராவது ஒருவர் அடிக்கடி கேட்கிறார்: "என்ன செய்யலாம் சொல்லுங்க, பள்ளிக்கூடத்தைக் காப்பாத்துறதா, பிள்ளையைக் காப்பாத்துறதா?" இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தனித்தனி வீடாக யோசித்தால் அப்படித்தான் தெரியும். அதனால் ஊராக உட்கார்ந்து யோசிப்பதற்கு உதவும்படி இதை எழுதுகிறேன்.

## நிலவரம்

2025-26 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரு குழந்தைகூட இல்லை. 2019-லேயே, பிள்ளைகள் இல்லாமல் போன நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நூலகமாக்குவதாக அரசு அறிவித்தது. காரணம் ஒன்றல்ல. பிறப்பு குறைந்துவிட்டது: மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020-ல் நம் மாநிலத்தின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள், 1.4. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். வேலை தேடித் திருப்பூர், கோவை, சென்னை என்று இளம் குடும்பங்கள் போய்விட, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துச் சிற்றூர்களில் தாத்தா பாட்டிகளே மிச்சம். இருக்கிற கொஞ்சம் பிள்ளைகளையும் ஆங்கிலவழி வேன் கூட்டிப்போகிறது.

வட மாநிலங்களில் இதை மேலிருந்து முடிவு செய்தார்கள். ராஜஸ்தான் 2014-ல் ஆயிரக்கணக்கான பள்ளிகளை ஒரே வீச்சில் இணைத்தது. உத்தரப் பிரதேசம் 2025-ல் 50-க்கும் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளிகளை இணைக்க உத்தரவிட்டு, விஷயம் நீதிமன்றம் வரை போனது. நம் மாநிலத்தில் பெரும்பாலும் உத்தரவு வருவதில்லை, எண்ணிக்கை தானாகத் தேய்கிறது. அதில் ஒரு நல்லது உண்டு: முடிவெடுக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தில், இத்தனை பேர் இருந்தால்தான் பள்ளி என்ற கீழ்வரம்பு எதுவும் இல்லை. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்கிறது. தொடக்கப் பள்ளி 1 கி.மீ.க்குள், நடுநிலைப் பள்ளி 3 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. "பத்துப் பேருக்குக் கீழே போனால் மூடிவிடுவார்கள்" என்று ஊரில் பேசிக்கொள்வதை நம்பி அவசரப்பட வேண்டாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கணக்கு. இதைச் செய்யாமல் பேசும் கூட்டங்கள் வெறும் சண்டையில்தான் முடியும்.

அங்கன்வாடிப் பணியாளரிடம் போய், பிறந்த குழந்தை முதல் ஐந்து வயது வரை உள்ள பதிவேட்டைக் கேளுங்கள். ஜூலை 31-க்குள் 5 வயது நிறைந்த பிள்ளைதான் ஒன்றாம் வகுப்பில் சேரும். ஆகவே அந்தப் பதிவேட்டில் இருப்பதுதான் அடுத்த ஐந்து வருஷத்துக்கு உங்கள் பள்ளி. நாங்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து இதைச் செய்தோம். பணியாளர் அக்கா ஒவ்வொரு பெயராக வாசித்தார். மூன்றாவது பெயரிலேயே ஒரு பாட்டி கையை ஆட்டி நிறுத்தினார். "அது எம்பேத்தி, பேரு மட்டும்தான் இங்க, புள்ள திருப்பூர்ல இருக்கு." அப்படி நான்கு பெயர் அடிபட்டது. கடைசியில் வருஷவாரியாக 2, 1, 3, 0, 2 என்று நின்றது. அதாவது ஒரு வீடும் வேனுக்குப் போகாமல், எல்லாரும் இங்கேயே சேர்த்தாலும், ஐந்து வருஷம் கழித்துப் பள்ளியில் எட்டுப் பேர். கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. அதுவரை "முயற்சி செய்தால் முப்பது பேரைச் சேர்க்கலாம்" என்று உரக்கப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்தது தூரம். வரைபடத்தில் பார்க்கிற தூரம் வேண்டாம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்து பாருங்கள். ஐப்பசி மழையில் ஓடையில் தண்ணீர் எவ்வளவு வரும், லாரி போகும் சாலையைக் கடக்க வேண்டுமா, வழியில் ஆள் நடமாட்டம் உண்டா என்று பாருங்கள். ஒரு பகுதி மக்களின் பிள்ளைகள் இன்னொரு பகுதித் தெரு வழியாகப் போவதற்கு அஞ்சுகிற நிலை இருக்கிறதா என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். எத்தனையோ ஊர்களில் 800 மீட்டர் தூரம் கடக்க முடியாததாக இருப்பது இதனால்தான்.

மற்றவை: ஒரு ஆசிரியர் ஒரே நேரத்தில் எத்தனை வகுப்பைப் பார்க்கிறார், காலையும் மதியமும் பிள்ளை எங்கே சாப்பிடும், ஐந்து வருஷத்துக்கு மொத்தக் கைச்செலவு எவ்வளவு, ஆறாம் வகுப்புக்குப் பிறகு கிடைக்க வேண்டிய அரசு உரிமைகள் போகுமா. கடைசியாக, இந்த முடிவு தப்பாகிவிட்டால் திரும்பி வர முடியுமா. இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் அதிக எடை கொடுப்பேன்.

## வழி 1: ஊர்ப் பள்ளியைத் தக்கவைப்பது

பெரிய லாபம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை நடந்தே போகும், மத்தியானம் காய்ச்சல் என்றால் அம்மா ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவார். காலை உணவு கிடைக்கும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. விடியலில் வேலைக்குப் போகிற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீட்டு அம்மாக்களைக் கேட்டால் தெரியும்.

கற்பித்தலைப் பற்றிய பயம் பாதிதான் உண்மை. ஒரே அறையில் பல வகுப்பு உட்காருவதாலேயே படிப்பு கெட்டுவிடாது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவாகி 2007-08 வாக்கில் நம் மாநிலம் முழுக்க வந்த, பிள்ளை தன் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் அட்டைகள் இப்படிப்பட்ட பள்ளிகளை மனதில் வைத்துப் பிறந்தவை. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை வகுப்பாகப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையாகப் பார்க்கிறது. ஏழு பிள்ளைகளும் ஒரு நல்ல டீச்சரும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளை எந்த எழுத்தில் தடுக்குகிறது என்பது வரை அந்த டீச்சருக்குத் தெரியும். நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் இது நடக்காது.

மறைந்திருக்கும் விலை வேறு. எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஒரே ஒரு பையன். காலை வணக்கத்தில் வகுப்புக்கு ஒரு வரிசை. அவன் மட்டும் தனி வரிசையாக நிற்பான். முன்னால் யாரும் இல்லாததால் கையை நீட்டி இடைவெளி பார்க்க ஆளில்லை, ஆனாலும் தினமும் கையை நீட்டிவிட்டு இறக்குவான். டீச்சர் ஒரு நாள் வரிசையையே கலைத்து எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தார். அன்றைக்குத்தான் அவன் சிரித்துப் பார்த்தேன். தோழமை இல்லாத பள்ளிக்கூடம் பிள்ளைக்குப் பாதிப் பள்ளிக்கூடம்தான்.

ஆசிரியர் விஷயத்திலும் உஷாராக இருக்க வேண்டும். ஈராசிரியர் பள்ளி என்று பெயர், ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ மாற்றுப்பணிக்கோ போனால் அன்று ஓராசிரியர் பள்ளி. ஆகஸ்ட் 1 நிலவரப்படி, எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயம் நடக்கும், பக்கத்துப் பள்ளியில் ஆள் இல்லாவிட்டால் உங்கள் ஆசிரியர்மேல்தான் முதலில் கண் விழும். சில ஊர்களில் ஆசிரியர்களே சம்பளத்திலிருந்து ஆட்டோ வாடகை கொடுத்து அடுத்த குக்கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள். அவர்களை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. ஆனால் அவர் இடமாறுதலில் போன மறுநாள் அந்த ஆட்டோ நின்றுவிடும். ஒருவர் தோளில் நிற்கிற பள்ளியை நிலையான பள்ளி என்று நினைத்துவிடக் கூடாது.

சேர்க்கையைக் கூட்டுவதென்றால் உண்மையில் பலன் தந்தவை இவை. அரசுப் பள்ளிகள் 2024, 2025-ல் செய்ததுபோல மார்ச் 1-லேயே சேர்க்கையைத் தொடங்குவது, விஜயதசமிக்குப் பள்ளியைத் திறந்து வைப்பது, செங்கல் சூளை, கோழிப்பண்ணை, மில் வேலைக்கு வந்திருக்கும் வெளியூர், வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளை வீடு தேடிப் போய் அழைப்பது. ஊர் முழுக்கத் தாம்பாளத்தில் நோட்டு, நாற்காலி, மின்விசிறி என்று மேளத்தோடு கொண்டுபோகும் கல்விச் சீர் அழகான பழக்கம். ஆனால் சீர் கொண்டுபோனவர்கள் தங்கள் பிள்ளையை அங்கே சேர்த்தார்களா என்பதுதான் கணக்கு. அவர்களே சேர்க்கவில்லை என்றால் மற்றவர்கள் ஏன் சேர்ப்பார்கள்?

இது சரியான வழி எப்போது: அங்கன்வாடிக் கணக்கில் அடுத்த ஐந்து வருஷத்துக்குச் சராசரியாக வருஷத்துக்கு மூன்று பேராவது இருந்தால். அல்லது அடுத்த பள்ளிக்குப் போகிற வழி பாதுகாப்பில்லை என்றால். மலை ஊர், தேயிலைத் தோட்டத்து லைன் வீடு, ஆற்றுக்கு அக்கரை என்றால் இரண்டு பிள்ளை இருந்தாலும் போராடத்தான் வேண்டும், வேறு பேச்சே இல்லை.

## வழி 2: ஊரே சேர்ந்து பக்கத்து அரசுப் பள்ளியோடு இணைவது

இதைப் பலர் தோல்வி என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழு பிள்ளைகளும் ஒரே நாளில், ஒன்றாக, நிபந்தனைகளோடு போனால் அது ஊரின் முடிவு. ஒவ்வொருவராக நழுவிப் போனால்தான் தோல்வி.

1 முதல் 8 வரை உள்ள நடுநிலைப் பள்ளி பக்கத்தில் இருந்தால் ஆதாயம் அதிகம். ஐந்தாம் வகுப்பு முடிந்து புதுப் பள்ளி தேடும்போதுதான் பெண் பிள்ளைகளைப் பற்றி வீட்டில் தயக்கம் வரும். அந்த இடைவெளியே இல்லாமல் எட்டாவது வரை ஓடிவிடும். கூட்டாளிகள் உண்டு, கபடிக்கு ஆள் சேரும், பிள்ளைகள் அதிகம் என்பதால் ஆசிரியர் பணியிடமும் அதிகம்.

மறைந்திருக்கும் விலை முழுக்க நேரத்திலும் தூரத்திலும் இருக்கிறது. முதலாவது, காலை உணவு. புதுப் பள்ளியிலும் உண்டுதான். ஆனால் முதல் மணிக்கு முன்பே பரிமாறி முடித்துவிடுவார்கள். பஸ் எட்டே முக்காலுக்குத்தான் வரும் என்றால் உங்கள் பிள்ளைக்கு அந்த உணவு காகிதத்தில் மட்டும்தான். இணைவதைப் பற்றிப் பேசுகிற வேறு எந்தக் கூட்டத்திலும் இதை யாரும் எழுப்பி நான் கேட்டதில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மாதான் கேட்டார்.

இரண்டாவது, போக்குவரத்து. விதிப்படியான தூரத்துக்குள் பள்ளி இல்லாத குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருஷத்துக்குத் தலைக்கு 6,000 ரூபாய் வரை போக்குவரத்துப் படி உண்டு. பிள்ளைகளை ஆட்டோவில் கூட்டிப்போக இதைப் பயன்படுத்தலாம். பணம் ஜூன் மாதமே கைக்கு வரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். எங்களுக்கு முதல் பருவம் முழுக்க ஊர்ப் பணத்தில்தான் ஆட்டோ ஓடியது.

மூன்றாவது, சத்துணவுக் கூடத்து வேலை. அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள், சிலர் அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் நடத்துகிறவர்கள். பள்ளி போனால் அவர்கள் பணியிடம் எங்கே போகும் என்பதையும் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டும்.

திரும்பி வர முடியுமா? "பிள்ளைகள் வந்தால் மறுபடி திறப்போம்" என்றுதான் சொல்வார்கள். நடைமுறையில் இரண்டு மழைக்காலம் பூட்டிக் கிடந்த ஓட்டுக் கட்டடம் மூன்றாவது மழைக்கு நிற்காது.

இது சரியான வழி எப்போது: பிறப்புக் கணக்கு வற்றிவிட்டது, வழி பாதுகாப்பானது, அடுத்த பள்ளியில் ஆசிரியர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள் என்றால். ஒரு வேலை நாளில் சொல்லாமல் போய் அந்தப் பள்ளியைப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் தமிழ்ப் பாடத்தில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

## வழி 3: தனியார் பள்ளி வேன்

பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. தான் படிக்காததைப் பிள்ளை படிக்க வேண்டும் என்று வயிற்றைக் கட்டிப் பணம் கட்டுகிறவர்கள் அவர்கள். ஆனால் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பது என் வருத்தம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேனுக்கு மாதம் 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்து மாதத்துக்கு 8,000. இரண்டு பிள்ளைக்கு 16,000. ஐந்து வருஷத்துக்கு 80,000 ரூபாய், வேனுக்கு மட்டும். பள்ளிக் கட்டணம், சீருடை, ஷூ, புத்தகம், ஆண்டு விழா எல்லாம் தனி. ஆங்கிலத்தில் கொடுக்கும் வீட்டுப்பாடத்தை வீட்டில் யாராலும் சொல்லித்தர முடியாது என்பதால் இரண்டாம் வகுப்பிலேயே டியூஷன் வந்துவிடும். அரசுப் பள்ளியில் இலவசமாகக் கிடைக்கும் பாடநூல், சீருடை, இரண்டு வேளைச் சாப்பாடு ஆகியவற்றின் மதிப்பையும் இந்தப் பக்கம் சேர்க்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் உள்ள 25 சதவீத இட ஒதுக்கீட்டில் இலவசமாகச் சேர்க்கலாமே என்பார்கள். நல்ல வாய்ப்புதான், ஆனால் பள்ளியிலிருந்து 1 கி.மீ.க்குள் இருப்பவர்களுக்கே அதில் முன்னுரிமை. வேன் வைத்துப் போகிற தூரத்துச் சிற்றூர்ப் பிள்ளைக்குக் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் கற்பிப்புக் கட்டணம்தான் போகும், வேன் கட்டணம் போகாது. எட்டாம் வகுப்போடு அது முடிந்தும் விடும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், 2021-ல் பொறியியல் போன்ற படிப்புகளுக்கு விரிந்த ஒதுக்கீடும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானவை. கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. ஐந்தாம் வகுப்பு வரை வேனில் போய்விட்டு ஆறில் அரசுப் பள்ளிக்கு வந்தால் இவை கைநழுவிப் போகாது. "இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்" என்று ஏழில் வந்தால் போய்விடும். வேனில் அனுப்புகிறவர்கள் ஆறாம் வகுப்பு என்ற இந்த ஒரு கெடுவை மட்டுமாவது மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு ஆகும் விலை: ஏழு மணிக்கே ரோட்டு முனையில் நிற்பது, பாதித் தூக்கத்தில் வெறும் வயிற்றோடு ஏறுவது. பள்ளி வாகனங்களுக்கு 2012-லேயே தனி விதிகள் வந்துவிட்டன. உதவியாளர் இருக்கிறாரா, தகுதிச் சான்று உண்டா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பள்ளியின் பெயரே இல்லாத ஆம்னி வேனில் பிள்ளைகளைத் திணித்துப் போகிறார்கள் என்றால், எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும் வேண்டாம்.

இது சரியான வழி எப்போது: ஊர்ப் பள்ளியில் ஆசிரியரே வருவதில்லை, சொல்லியும் சரியாகவில்லை, பக்கத்து அரசுப் பள்ளியும் எட்டாத தூரம் என்றால். அல்லது அம்மாவோ அப்பாவோ தினமும் வேலைக்குப் போகிற டவுனில் அந்தப் பள்ளி இருந்து, பிள்ளை அவர்களோடே போய்வர முடியும் என்றால். ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளையை ஒரு மணி நேர வேன் பயணத்துக்கு அனுப்புவதை மட்டும் என்னால் எந்த நிலையிலும் சிபாரிசு செய்ய முடியவில்லை.

விடுதியைப் பற்றியும் கேட்கிறார்கள். அரசு விடுதிகளில் நான்காம் வகுப்பிலிருந்து சேர்க்கலாம். வீட்டுக்கும் பள்ளிக்கும் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி பெண் பிள்ளைகளுக்கு இல்லை. சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிற குடும்பங்களுக்கு இது படிப்பைக் காப்பாற்றும். மற்றவர்கள் ஆறாம் வகுப்புக்கு முன் யோசிக்க வேண்டியதில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஊர்ப் பள்ளி | இணைந்த அரசுப் பள்ளி | தனியார் வேன் |
|---|---|---|---|
| சின்னப் பிள்ளையின் பயணம் | நடை | ஆட்டோ அல்லது துணையோடு நடை | நீண்ட பயணம் |
| காலை உணவு | உறுதி | சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் | வீட்டில்தான் |
| கூட்டாளிகள் | மிகக் குறைவு | உண்டு | உண்டு |
| கைச்செலவு | கிட்டத்தட்ட இல்லை | ஆட்டோ, படி தாமதமானால் | வருஷா வருஷம் கூடும் |
| பெரிய ஆபத்து | ஆசிரியர் மாறுதல் | நடுவில் படிப்பை நிறுத்துவது | கடன் |
| திரும்பி வர | முடியும் | கடினம் | ஊர்ப் பள்ளி இருந்தால் முடியும் |

கடைசி வரிசையின் மூன்றாவது கட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வேனுக்குப் போகிற வீடுகள் எல்லாமே, பிடிக்காவிட்டால் ஊர்ப் பள்ளிக்கு வந்துவிடலாம் என்ற நினைப்பில்தான் போகின்றன. எல்லாரும் போய்விட்டால் வந்து சேர இடம் இருக்காது. கட்டணம் கட்ட முடியாமல் நடு வருஷத்தில் திரும்புகிற வீட்டுக்குத்தான் இந்த அடி விழும். ஊரில் மிகவும் வசதி இல்லாத வீடும் அதுதான்.

## எங்கள் ஊர் எடுத்த முடிவு

எட்டுப் பேர் என்ற கணக்கு வந்த பிறகு இரண்டு வாரம் பேசினோம். 1.3 கி.மீ.யில் நடுநிலைப் பள்ளி. வழியில் ஓடை, ஆனால் தரைப்பாலம் உண்டு. மூன்று அம்மாக்கள் போய் அந்தப் பள்ளியில் ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்கள் "சரி" என்ற பிறகுதான் தீர்மானம் எழுதினோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒன்று, மே 1 கிராம சபையில் ஒன்று. குழுவில் முக்கால்வாசி பெற்றோரும், பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தப் பாதியைப் பேச விடுங்கள், ஆண்கள் கட்டடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம்.

தீர்மானத்தில் எழுதியவை: ஆட்டோ ஏழே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும், காலை உணவு தவறக் கூடாது. ஊர்ச் சத்துணவு உதவியாளராக இருந்த அக்காவே பிள்ளைகளோடு துணைக்குப் போக வேண்டும், அவருக்கு அதற்கான தொகை தர வேண்டும். கனமழை நாளில் ஆட்டோ போகாவிட்டால் விடுப்பாகக் கணக்கிடக் கூடாது. கட்டடம் அங்கன்வாடிக்குப் போக வேண்டும், பூட்டிப் போடக் கூடாது. புதுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் எங்கள் ஊர்ப் பெற்றோர் இருவர் இருக்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினோம். எல்லாம் கிடைக்கவில்லை. துணைக்குப் போகும் அக்காவுக்கான தொகை கடைசிவரை வரவில்லை, இப்போதும் ஊர்தான் கொடுக்கிறது. வரிசையில் தனியாக நின்ற பையனுக்கு அங்கே வகுப்பில் பதினோரு பேர்.

இன்னொன்றையும் தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னது ஊரில் வயதான ஒருவர். அவர் படித்த வேறொரு பள்ளி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. பிறந்த தேதிக்குச் சான்று கேட்டுப் போனபோது, பழைய சேர்க்கைப் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று சொல்லவே ஆளில்லையாம், நான்கு முறை அலைந்திருக்கிறார். அதனால் எங்கள் பள்ளியின் பதிவேடுகள் எந்தப் பள்ளிக்கு, யார் பொறுப்பில், எத்தனை எண்ணிக்கையில் போகின்றன என்று பட்டியல் போட்டு எழுதி வாங்கினோம். ஒப்படைப்பதற்கு முதல் நாள் டீச்சர் அவற்றை மேசையில் அடுக்கி வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் வந்து, தங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைத் தேடி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.